முளைக்காத பல்லும் பெருங்குடலும்: எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

பிறவியிலேயே சில நிரந்தரப் பற்கள் இல்லாதவர் அதைப் பற்றி இணையத்தில் தேட ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே புற்றுநோய் என்ற சொல்லில் போய் நிற்பார். எனக்கு எட்டுப் பற்கள் முளைக்கவே இல்லை. அப்பாவுக்கு 51 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. இந்த இரண்டு தகவலும் இருபது வருடமாக என் வீட்டிலேயே இருந்தன. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு டாக்டரும் கேட்டதில்லை. பல் டாக்டர் அப்பாவின் குடலைப் பற்றி விசாரிக்க மாட்டார், குடல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டார். இடையில் மாட்டிக்கொண்டவருக்குத் தூக்கமும் போகும், பணமும் போகும். எனக்குத் தேவையில்லாமல் போனது மட்டும் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். பயம் எவ்வளவு படலாம், எங்கே படத் தேவையில்லை, யாரிடம் எந்தத் தாளோடு போக வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை, பல்லைச் சரியாக எண்ணுவது. நிரந்தரப் பற்கள் மொத்தம் 32. ஞானப்பல் நான்கையும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அதில் ஒன்றாவது இல்லாதவர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். மிச்சம் 28. அதில் ஒன்று முதல் ஐந்து வரை முளைக்காதிருப்பது உலகில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் காணப்படும் சாதாரண விஷயம். பெரும்பாலும் கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல், அடுத்தபடியாக மேலே நடு முன்பல்லுக்குப் பக்கத்துப் பல். ஆறு அல்லது அதற்கு மேல் இல்லையென்றால்தான் மருத்துவர்கள் அதைத் தனி வகையாக வைத்து மரபணுப் பக்கம் பார்ப்பார்கள். கண்ணாடி முன் நின்று எண்ணினால் கணக்கு தப்பும். நிரந்தரப் பல் கீழே இல்லாதபோது பால்பல் விழாமல் நாற்பது வயது வரைகூட உட்கார்ந்திருக்கும். பார்த்தால் எல்லாப் பல்லும் இருப்பது போலவே தெரியும். என் தம்பி தனக்கு ஒன்றுகூடக் குறையில்லை என்று சாதித்தான். படம் எடுத்துப் பார்த்தால் கீழே இரண்டு பக்கமும் பால்பற்கள், பக்கத்துப் பற்களைவிட ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து, மேல்பரப்பு தேய்ந்து தட்டையாக. அவற்றின் வேருக்கு அடியில் வெறும் எலும்புதான்.

தாடை முழுவதும் ஒரே படத்தில் விழும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று போதும். பல் கிளினிக்கில் எடுத்தால் நூறு வெள்ளிக்குள் முடியும். எடுத்த கையோடு படத்தின் டிஜிட்டல் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே எந்தெந்தப் பல் பிறவியிலேயே இல்லை என்று பல் எண்ணோடு ஒரு குறிப்பும் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் போன கிளினிக்கில் படத்தைத் திரையில் காட்டிவிட்டு அனுப்பிவிட்டார்கள். பிறகு பெரிய மருத்துவமனையில் அதே படத்துக்கு மறுபடியும் காசு. இன்னொரு சிக்கல், பிரேஸஸ் போடும்போது இடம் பண்ணுவதற்காக முன்கடைவாய்ப்பல் நான்கைப் பிடுங்குவது இங்கே வழக்கம். பிடுங்கியது வேறு, முளைக்காதது வேறு. சின்ன வயதில் பிரேஸஸ் போட்டவர்கள் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுக்காமல் எண்ணிக்கை சொல்லக்கூடாது. அம்மா அப்பாவின் தலைமுறையில் பல் வலித்தாலே பிடுங்கிவிடுவார்கள் என்பதால், அவர்களிடம் ‘எத்தனை பல் இல்லை’ என்று கேட்பது வீண். ‘பால்பல் விழுந்த பிறகு பல்லே வராத இடம் உண்டா’ என்று கேளுங்கள்.

இப்போது பயத்துக்குக் காரணமான ஆராய்ச்சிக்கு வருவோம். 2004இல் பின்லாந்தில் ஒரே குடும்பத்தில் பதினொரு பேருக்கு எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிரந்தரப் பற்கள் இல்லை என்று கண்டார்கள். அவர்களில் இருவருக்கு மொத்தமே மூன்று நிரந்தரப் பற்கள். பல் இல்லாதவர்களில் எட்டுப் பேருக்குப் பெருங்குடல் புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலைக் கட்டிகளோ இருந்தன. காரணம் ஆக்ஸின்2 என்ற மரபணுவில் இருந்த ஒரு பிழை. செல்கள் எப்போது பெருக வேண்டும் என்று சொல்லும் விண்ட் என்ற சமிக்ஞைப் பாதை ஒன்று உண்டு. கருவில் பல் உருவாவதற்கும் அதுதான் வேண்டும், குடலின் உட்சுவர் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கும் அதுதான் வேண்டும். ஆக்ஸின்2 அந்தப் பாதையை மட்டுப்படுத்தும் வேலையைச் செய்கிறது. அது பழுதானால் தாடையில் பல்லின் கரு பாதியில் நின்றுபோகிறது, குடலிலோ செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி பாலிப் என்னும் சின்னக் கட்டிகள் ஆகின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 2011இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றிலும் இதே மரபணுவில் பிழை பதிவானது. அவர்களுக்குப் பல் குறைவோடு பாலிப்களும் தலைமுடி, புருவம் அடர்த்திக் குறைவும் சேர்ந்திருந்தன.

எட்டு என்ற எண்ணைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இதே விஷயத்தின் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். ஆக்ஸின்2 பிழை மிக அரிது. பல் முளைக்காமைக்கு அதைவிட அடிக்கடி காரணமாவது விண்ட்10ஏ என்ற வேறொரு மரபணு. பல பற்கள் இல்லாதவர்களிடம் ஐரோப்பாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதில்தான் மாற்றம் இருந்தது. பாக்ஸ்9, எம்எஸ்எக்ஸ்1, ஈடிஏ என்று இன்னும் சில உண்டு. இவற்றுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் அப்படிப்பட்ட நேரடித் தொடர்பு நிலைநாட்டப்படவில்லை. (ஈடிஏ பற்றி ஒரு வார்த்தை: பல் பல இல்லாமல், முடியும் மெல்லியதாக, வியர்வையே வராத பிள்ளை என்றால் புற்றுநோயை மறந்துவிட்டு முதலில் வெயிலைப் பாருங்கள். நம்மூர்ச் சூட்டில் வியர்க்காத பிள்ளையைத் திடலில் ஓடவிடுவதுதான் உடனடி ஆபத்து. பள்ளிக்குக் கடிதம் கொடுத்துவைக்க வேண்டும்.)

பெண்களை அதிகம் கலங்கடிப்பது 2008இல் அமெரிக்காவில் வந்த சினைப்பைப் புற்றுநோய் ஆய்வு. அந்த நோய் வந்த பெண்களில் நூற்றுக்கு 20 பேருக்குப் பிறவியிலேயே பல் குறைவு, நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மட்டும். கேட்டதும் நெஞ்சு பதறும். ஆனால் நோயுள்ளவர்கள் 50 பேர், இல்லாதவர்கள் 100 பேர், அவ்வளவு சின்ன ஆய்வு அது. ஒரு தொடர்பு இருக்கலாம் என்று காட்டுகிறதே தவிர, பல் இல்லாத உங்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. இந்தப் பயத்தில் வருடா வருடம் சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ125 ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கலாமா என்று என் அக்கா கேட்டார். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து நடத்தி 2021இல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வில், அப்படிப் பரிசோதித்ததால் சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம். குடும்பத்தில் சினைப்பை, மார்பகப் புற்றுநோய்கள் இருந்தால் அது தனிக் காரணம். அதற்குப் பிராகா (பிஆர்சிஏ) என்ற மரபணுப் பக்கம் பார்ப்பார்கள், பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் கடைசியாகத் தெரிந்துகொண்டது முதலில் தெரிந்திருக்க வேண்டியது: பல்லைவிட அப்பாவின் வயதுக்குத்தான் எடை அதிகம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், பல் எத்தனை இருந்தாலும் சரி, 40 வயதில் அல்லது அந்த உறவினருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபியை, அதாவது கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனையை, தொடங்க வேண்டும். அப்பாவுக்கு 51 என்பதால் எனக்கு 40. நான் அந்த வயதைத் தாண்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசமாகத் தரும் மலப் பரிசோதனைப் பெட்டியான எஃப்ஐடி நல்ல விஷயம்தான். ஆனால் அது எந்த அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாதவர்களுக்கானது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத்தான் அது தேடுகிறது, சின்ன பாலிப் பெரும்பாலும் ரத்தம் கசியவிடாது. குடும்ப வரலாறு உள்ளவர் எஃப்ஐடி ‘ஒன்றுமில்லை’ என்று வந்ததும் நிம்மதியாகிவிடக்கூடாது.

மரபணுச் சோதனைக்குப் போகுமுன் காப்புறுதி. இதை யாரும் சொல்வதில்லை. சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021 அக்டோபரில் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, வருங்கால நோயை முன்கணிக்கும் மரபணுச் சோதனையை எடுக்கச் சொல்லிக் காப்புறுதி நிறுவனம் கட்டாயப்படுத்தக்கூடாது. எடுத்த முடிவையும், பெருந்தொகைக் காப்புறுதியில் குறிப்பிட்ட சில சோதனைகள் தவிர, பயன்படுத்தக்கூடாது. ஆனால் ஏற்கெனவே உள்ள நோயைக் கண்டறியும் சோதனைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. குடும்ப நோய் வரலாற்றைக் கேட்டால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொலோனோஸ்கோபியில் பாலிப் கிடைத்தால் அது மரபணு முடிவல்ல, உங்கள் மருத்துவ வரலாறு. அதற்குப் பிறகு புதிதாக எடுக்கும் காப்புறுதியில் பெருங்குடலை விலக்கிவிடலாம். ஆகவே இன்னும் எடுக்காதவர்கள் பரிசோதனைகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்வது நல்லது. அதற்காகப் பரிசோதனையை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதும் சரியல்ல.

சோதனையில்தான் என் பணம் கரைந்தது. ஒரு தனியார் நிறுவனம் ‘முழுமையான பரம்பரைப் புற்றுநோய்ச் சோதனை’ என்று எச்சில் குழாயை வீட்டுக்கே அனுப்பியது. முடிவு சுத்தம் என்று வந்தது. ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த மரபணுப் பட்டியலைப் பார்த்தால் ஆக்ஸின்2 அதில் இல்லவே இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, அதற்கு வேறு பட்டியல், வேறு விலை என்றார். கோபத்தில் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. எந்தச் சோதனைக்கும் பணம் கட்டுமுன் மரபணுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஆக்ஸின்2வும், பரம்பரையாகப் பாலிப் வரக் காரணமாகும் ஏபிசி, மியூட்ஒய்ஹெச் மரபணுக்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். லின்ச் நோய்க்குறியின் மரபணுக்களும் இருக்க வேண்டும், ஏனென்றால் குடும்பத்தில் இளவயதுப் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸின்2வைவிட அதுதான் பல மடங்கு சாதாரணமான காரணம். ஏபிசி பழுதில் பல் விஷயம் நேர்மாறாக இருக்கும்: கூடுதல் பற்களும் தாடை எலும்பில் புடைப்பும் வரலாம். ஆகவே அளவுக்கு மேல் பல் முளைத்தவர்களும் குடும்பக் குடல் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

சரியான வழி பாலிகிளினிக் என்னும் அரசு மருந்தகம்தான். நேராகப் பெரிய மருத்துவமனைக்குத் தனியார் நோயாளியாகப் பதிந்துவிட்டால் மானியம் கிடையாது, பிறகு மாற்றிக்கொள்வதும் பெரும்பாடு. பாலிகிளினிக் டாக்டருக்கு உங்களுக்கென்று சில நிமிடங்கள்தான் இருக்கும். பல்லில் ஆரம்பித்தால் பல் மருத்துவப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அப்பாவின் புற்றுநோயில் ஆரம்பியுங்கள். ஒரே ஏ4 தாளில் மூன்று தலைமுறை: ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் எந்தப் புற்றுநோய், எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், எத்தனை பல் முளைக்கவில்லை, பாலிப் எடுத்திருக்கிறார்களா. இறந்த வயதல்ல, கண்டுபிடித்த வயதுதான் வேண்டும். ஊரில் இறந்த தாத்தாவைப் பற்றி ‘வயிற்றில் கட்டி’ என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே எழுதுங்கள், நீங்களாகக் குடல் என்று மாற்றாதீர்கள். அந்தத் தாளோடு ஓபிஜி படமும் பல் டாக்டரின் குறிப்பும் இருந்தால், தேசியப் புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் உள்ள புற்றுநோய் மரபணுப் பிரிவுக்குப் பரிந்துரை கேட்பது எளிது.

அங்கே மரபணு ஆலோசகர் முதலில் சோதிக்கச் சொல்வது நோய் வந்தவரைத்தான், அவர் உயிரோடு இருந்தால். காரணம், நோய் வந்தவரிடம் பிழை கிடைத்தால் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும், ‘இல்லை’ என்ற முடிவுக்கும் அப்போதுதான் முழு அர்த்தம். அப்பா இல்லாததால் எனக்குச் செய்தார்கள். முடிவு மூன்று விதமாக வரலாம்: நோய் தரும் மாற்றம் உண்டு, இல்லை, அல்லது மாற்றம் இருக்கிறது ஆனால் அதன் பொருள் இன்னும் தெரியவில்லை. மூன்றாவதுதான் ஆளை வதைப்பது. மரபணுத் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடமிருந்து திரட்டப்பட்டவை என்பதால் நம் போன்ற தென்னாசியர்களுக்கு அப்படி வருவது கூடுதல். அதை நம்பி எந்த அறுவைக்கும் போகக்கூடாது. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பிரிவுக்கு எழுதி, வகை மாறியிருக்கிறதா என்று கேட்டால் போதும். எனக்கு ஆக்ஸின்2வில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அமெரிக்க வழிகாட்டுதல்படி 25 முதல் 30 வயதுக்குள் கொலோனோஸ்கோபி தொடங்கி, பாலிப் இல்லாதபோதும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். இல்லை என்பதாலும் விடுதலை இல்லை. அப்பாவின் வரலாறு அப்படியே இருக்கிறது, ஆகவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை எனக்கு உண்டு.

கொலோனோஸ்கோபியில் கெடுவது பெரும்பாலும் வீட்டில்தான். குடல் சுத்தமாக இல்லையென்றால் சின்னப் பாலிப் கண்ணில் படாது, மறுபடியும் வரச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, பருப்பு, பயறு, கேழ்வரகு, கொய்யா, தக்காளி விதை, முருங்கைக்காய் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். வெள்ளைச் சோறு, கஞ்சி, வெள்ளை ரொட்டி, மீன், முட்டை சரி. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கிப் பார்வையை மறைக்கும். முந்தைய நாள் தெளிந்த பானம் மட்டும்: கோப்பி ஓ, தே ஓ (பால் சேர்க்காத காப்பி, தேநீர்), வடிகட்டிய ரசம், ஹண்ட்ரட் பிளஸ் பானம். பாண்டுங் என்னும் ரோஸ் சிரப் பால் பானம் கூடவே கூடாது. அந்தச் சிவப்பு குடலில் ரத்தம் போலத் தெரியும், பாலும் சேர்ந்திருக்கிறது. பேதி மருந்தை ஒரே மூச்சில் குடிக்காமல் பாதி முந்தைய இரவு, பாதி அன்று விடியற்காலை என்று பிரித்துக் குடித்தால் சுத்தம் நன்றாக வரும். குளிரவைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். கடைசியில் வெளியேறுவது வெளிர் மஞ்சள் தண்ணீராக இருக்க வேண்டும், கலங்கலாக இருந்தால் போனதும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். இனிப்புநீர் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள் எதை எப்போது நிறுத்துவது என்று தேதி குறிக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். மயக்க ஊசி போடுவதால் கூட்டிப்போக ஆள் வேண்டும். எனக்கு ஒரு சின்ன பாலிப் எடுத்தார்கள். எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசியலாம் என்பதால் அதற்குள் திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் போடாதீர்கள். பகல்நேர அறுவையாகக் கணக்கிடும்போது மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு உதவும். மரபணுச் சோதனைக்கு என் விஷயத்தில் கைக்காசுதான்.

பிள்ளைகளைப் பற்றி. தொடக்கப்பள்ளிப் பல் கிளினிக்கில் பார்க்கும் சிகிச்சையாளரிடம் குடும்பத்தில் பல் முளைக்காமை உண்டு என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் ஆறு ஏழு வயதுப் படத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் கரு சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் படத்தில் தெரியும், ஒன்பது பத்து வயதில் இன்னொரு படம் வேண்டும். அடியில் பல் இல்லாத பால்பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கவிடாதீர்கள். அது நிற்கும் வரை அந்த இடத்து எலும்பு கரையாது, எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளாண்ட் எப்படியும் தாடை வளர்ச்சி முடிந்த பிறகுதான் வைக்க முடியும். ஊரில் இருக்கும் சித்தப்பா, அத்தை பிள்ளைகளுக்கு ‘எங்களுக்கு ஏதோ மரபணுக் கோளாறாம்’ என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பாதீர்கள். நோய் தரும் மாற்றம் கிடைத்திருந்தால் மரபணுவின் பெயரும் அந்த மாற்றத்தின் குறியீடும் அச்சாகியிருக்கும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்; அதைக் காட்டினால்தான் அங்குள்ள ஆய்வகம் அந்த ஓர் இடத்தை மட்டும் சோதித்துச் சொல்ல முடியும். என்னைப் போல ஒன்றும் கிடைக்காதவர்கள் அனுப்ப வேண்டியது அப்பாவுக்கு நோய் கண்ட வயதையும், உங்கள் குடலில் எடுத்த பாலிப் என்ன வகை என்ற அறிக்கையையும்.